வாவிக்கரைப் பறங்கியர் – 6: பேனையும் உளியும்

சென்ற பகுதி, மட்டக்களப்புக் கோட்டையின் மேல் மூன்றாவது ஐரோப்பியக் கொடி ஏறிய இடத்தில் நின்றது. 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் எழுப்பிய கோட்டை, 1638இல் ஒல்லாந்தர் வசமானது. 1795 செப்டெம்பரில் அதே கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஐந்தே மாதங்களில், 1796 பெப்ரவரியில், கொழும்பும் சரணடைந்தது.

ஒல்லாந்தக் கம்பனியின் உத்தியோகத்தர் பலர் பத்தாவியாவுக்குக் கப்பலேறினார்கள். போக வழியில்லாதவர்களும் போக மனமில்லாதவர்களும் இங்கேயே தங்கிவிட்டார்கள். கொழும்பிலும் காலியிலும் மாத்தறையிலும் அப்படித் தங்கிய குடும்பங்கள் இருந்தன. மட்டக்களப்பு வாவிக்கரையிலும் இருந்தன. ஊரார் எல்லோரையும் ஒரே பெயரால் அழைத்தார்கள்: பறங்கியர்.

அடுத்த நூறு ஆண்டுகளில் அந்த ஒரே பெயருக்குள் இரண்டு வாழ்க்கைகள் உருவாயின.

கொழும்பில் பறங்கியர் என்றால் அப்புக்காத்து, வைத்தியர், பத்திரிகை ஆசிரியர், சட்டசபை உறுப்பினர். மட்டக்களப்பில் பறங்கியர் என்றால் தச்சர், கொல்லர், தகரவேலைக்காரர், துவக்குத் திருத்துபவர், தையற்காரர். அங்கே மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் வந்தன. இங்கே வேலை வந்த நாளில் கூலி, வராத நாளில் பொறுமை.

ஏன் இப்படி ஆனது? பலரும் உடனே சொல்லும் விடை பரம்பரை. அவர்கள் ஒல்லாந்தர் வழிவந்தவர்கள், இவர்கள் போர்த்துக்கேயர் வழிவந்தவர்கள் என்பார்கள். கேட்பதற்கு எளிதான விடை. ஆனால் வரலாறு அதற்கு ஒத்துவரவில்லை.

கலந்துபோன வீடுகள்

ஒல்லாந்தக் கம்பனியின் கப்பல்களில் வந்த ஆண்களில் பெரும்பாலோர் தனியாகவே வந்தார்கள். இங்கே அவர்கள் மணந்த பெண்கள் பலர் போர்த்துக்கேயக் கலப்பு வம்சத்தவர்கள். 1646 முதல் 1650 வரை ஆளுநராக இருந்த மாட்சுய்கர் அத்தகைய திருமணங்களை ஊக்குவித்தார். அரசின் மொழி டச்சு. அடுக்களையிலும் தொட்டிலருகிலும் ஒலித்ததோ, தமிழோடும் சிங்களத்தோடும் கலந்து உருமாறிய போர்த்துக்கேய மொழி. ஒல்லாந்த அதிகாரிகள் அதை ஒழிக்க முயன்று தோற்றார்கள்.

ஆக, 1796இல் கொழும்பில் எஞ்சிய ஒல்லாந்தக் குடும்பங்களின் தாய்வழி பெரும்பாலும் போர்த்துக்கேயக் கலப்பு. 'ஒல்லாந்தர்' என்ற தந்தைவழியும் தூய்மையானதன்று. கம்பனியின் சிப்பாய்களிலும் ஊழியர்களிலும் ஜெர்மானியர் ஏராளம். பிற ஐரோப்பியரும் இருந்தார்கள். கொழும்புப் பறங்கியரின் மாபெரும் நாயகராகப் பின்னாளில் உயர்ந்த சார்ள்ஸ் அம்புரோஸ் லொரன்ஸின் தந்தையே பிரஷ்யாவிலிருந்து வந்தவர்.

மறுபுறம் மட்டக்களப்பைப் பார்க்கலாம். 'போர்த்துக்கேயப் பறங்கியர்' என்று அழைக்கப்படும் சமூகத்துக்குள் அவுட்ஸ்கோன், ஓக்கர்ஸ் போன்ற ஒல்லாந்தக் குடும்பப் பெயர்கள் வழங்குகின்றன. அந்தப் பெயர்களைச் சுமந்தவர்களும் வீட்டில் பேசியது போர்த்துக்கேயம்தான்.

இரு ஊர்களிலும் இரு வழியினரும் கலந்தே இருந்தார்கள். பிறப்பு பிரிக்கவில்லை என்றால் பிரித்தது எது?

1799 செப்டெம்பர் 23

தொடக்கத்தில் கொழும்பிலும் வாழ்வு இருண்டுதான் கிடந்தது. கம்பனி போனதோடு சம்பளம் நின்றது. முந்தைய அதிகாரிகளின் குடும்பங்கள் வீட்டுப் பண்டங்களை விற்றுச் சாப்பிட்ட காலம் அது. விதவைகள் புதிய ஆட்சியின் உதவித்தொகையை எதிர்பார்த்திருந்தார்கள்.

அந்த நிலையைத் திருப்பியது ஓர் அரச பிரகடனம்.

1799 செப்டெம்பர் 23ஆம் திகதி, ஆங்கிலேய அரசு ஒரு முடிவை அறிவித்தது. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையில் வழங்கிய சட்டங்களும் நிறுவனங்களுமே தொடரும். ஆளுவோர் மாறினார்கள், சட்டம் மாறவில்லை. உரோமன்–டச்சுச் சட்டம் ஆங்கிலேய நீதிமன்றங்களில் நிலைத்தது. இன்றுவரை இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு அடித்தளமாக இருப்பதும் அதுவே.

இதன் பொருளை யோசித்துப் பார்க்க வேண்டும். இலண்டனிலிருந்து வந்த நீதிபதிக்கு டச்சு தெரியாது. காணித் தோம்புகளை வாசிக்கத் தெரியாது. மரணசாசனங்களும் திருமணப் பதிவுகளும் வழக்கேடுகளும் அந்த மொழியில்தான் கிடந்தன. அவற்றைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆட்கள் கொழும்பில், வேலையில்லாமல், தயாராக இருந்தார்கள்.

அரசை இழந்த மக்களின் பழைய அறிவுக்குப் புதிய அரசில் திடீரென விலை கிடைத்தது. நொத்தாரிசுகளாகவும் பிறக்கிராசிமாராகவும் நீதிமன்ற எழுத்தர்களாகவும் அவர்கள் உள்ளே நுழைந்தார்கள். நுழைந்தவர்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தார்கள். 1835இல் கொழும்பில் பின்னாளைய றோயல் கல்லூரியின் வித்து விழுந்தபோது, அதன் வாங்குகளில் பறங்கிப் பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். லொரன்ஸ் படித்ததும் அங்கேதான்.

இரண்டு தலைமுறைக்குள் உச்சத்தையும் தொட்டார்கள். றிச்சர்ட் மோர்கன் என்ற பறங்கிச் சட்டவறிஞர் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக உயர்ந்து, 1874இல் 'சேர்' பட்டம் பெற்றார். 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் இரண்டாவது அதிபர் கொக் என்ற பறங்கி வைத்தியர்.

அதே பிரகடனம் மட்டக்களப்புக்கும் பொருந்தியது. ஆனால் இங்கே ஆவணக் களஞ்சியம் இல்லை, உயர் நீதிமன்றம் இல்லை. ஒரு சிறு கோட்டையும் சில அலுவலகங்களும்தான் இருந்தன. வாவிக்கரைப் பறங்கியரில் பெரும்பாலோர் கம்பனிக் காலத்தில் எழுதிப் பிழைத்தவர்கள் அல்லர். சிப்பாய்களின், கைவினைஞர்களின் பிள்ளைகள். அவர்களிடம் இருந்த திறமைக்கு எந்தப் பிரகடனமும் புது விலை வைக்கவில்லை.

வயல் இல்லாத மக்கள்

மட்டக்களப்பில் செல்வம் என்றால் அன்று வயல். வாவியின் மேற்கே, படுவான்கரை முழுவதும் நெல் விளைந்தது. அந்த நிலத்தின் உடைமையாளர் போடியார். முக்குவரும் வேளாளரும் தாய்வழிக் குடிகளாகப் பிரிந்து, கோயில் உரிமையையும் ஊர் மதிப்பையும் அந்தக் குடிவழியே பகிர்ந்துகொண்டார்கள். முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி முறை உண்டு. மகளுக்கு வீடும் நிலமும் சீதனமாகப் போனது. வாவிக்கரையின் சமூகப் பாதுகாப்பு இந்த நிலத்திலும் குடியிலும்தான் வேர்விட்டிருந்தது.

பறங்கியருக்கு இந்த இரண்டும் இல்லை.

படுவான்கரையில் அவர்களுக்கென்று பரம்பரை வயல் கிடையாது. அவர்கள் எந்தக் குடிக்குள்ளும் வரவில்லை. சாதி வரிசையில் அவர்களுக்கு மேல் இடமும் இல்லை, கீழ் இடமும் இல்லை. ஒரு விதத்தில் இது விடுதலை. எந்தப் போடியாருக்கும் அவர்கள் அடிமைத் தொழில் செய்ய வேண்டியதில்லை. கோயில் திருவிழாவில் சாதிக் கடமை என்று எவரும் அவர்களைக் கூப்பிட முடியாது. வேறொரு விதத்தில் இது பெரும் ஆபத்து. நோயோ முதுமையோ வந்தால் விழுந்து படுக்க ஒரு துண்டு நிலமும் இல்லை.

கைத்தொழில் ஒன்றே அவர்கள் கண்ட வழி. தச்சுவேலை, இரும்புவேலை, தகரவேலை, துவக்குத் திருத்தும் வேலை, சப்பாத்துத் தைத்தல், உடுப்புத் தைத்தல். போடியாரின் வீட்டு அலுமாரியும், கச்சேரி மேசையும், தேவாலயத்து வாங்கும், கடைக்காரரின் தகர லாம்பும் அவர்கள் கைபட்டு உருவாயின. காட்டோர வயல்களைக் காக்கும் துவக்கு பழுதானால் அதைச் சீராக்கும் நுணுக்கம் பறங்கிப் பட்டறையில் இருந்தது. பெண்கள் வீட்டிலிருந்து தைத்தார்கள்.

தகப்பன் கையிலிருந்து மகன் கைக்குத் தொழில் போனது. சேமிப்பு போகவில்லை, ஏனென்றால் சேமிக்கும் அளவுக்கு மிஞ்சவில்லை. கொழும்புக் குடும்பம் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு படி ஏறியபோது, மட்டக்களப்புக் குடும்பம் ஒவ்வொரு தலைமுறையிலும் அதே படியில் உறுதியாக நின்றது. விழாமல் நின்றதே பெருஞ்சாதனை என்பதை அவர்களின் உழைப்பை அறிந்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

வாசலில் வந்த பள்ளிக்கூடம்

இங்கே ஒரு புதிர் எழுகிறது. ஆங்கிலக் கல்விதான் கொழும்பை உயர்த்தியது என்றால், அந்தக் கல்வி மட்டக்களப்புக்கு முந்தியே வந்துவிட்டதே!

1814இல் இலங்கை வந்திறங்கிய முதல் வெஸ்லியன் மிஷனரிமாரில் வில்லியம் ஓல்ட் என்பவரும் ஒருவர். அவருக்கு ஒதுக்கப்பட்ட ஊர் மட்டக்களப்பு. அதே ஆண்டு அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. கொழும்பில் லொரன்ஸ் படித்த பள்ளிக்கு 21 ஆண்டுகள் மூத்தது. அடுத்த ஆண்டே ஓல்ட் நோயுற்று இறந்தார். அவர் போட்ட வித்து பிழைத்தது.

மிஷனரிமார் பறங்கியரை மறக்கவுமில்லை. 1819இல் கொழும்பு வெஸ்லியன் அச்சகம் இலங்கைப் போர்த்துக்கேயம், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் சேர்த்து ஓர் அகராதியை வெளியிட்டது. 1826இல் புதிய ஏற்பாடு முழுவதும் அந்தப் போர்த்துக்கேயத்தில் அச்சாகியது. பறங்கி வீட்டின் மொழியிலேயே பேசி அவர்களை அழைத்தார்கள்.

பிறகு ஏன் மட்டக்களப்பில் ஒரு லொரன்ஸ் எழவில்லை?

முதற்காரணம் மதம். வாவிக்கரைப் பறங்கியரில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஒல்லாந்தர் தடைசெய்த காலத்திலும் கைவிடாத விசுவாசம் அது. 1806இல்தான் ஆங்கில அரசு கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கியது. ஒன்றரை நூற்றாண்டு காத்த மதத்தை விட்டுவிட்டு, மெதடிஸ்தப் பள்ளியின் வாசலில் பிள்ளையை நிறுத்த எத்தனை தாய்மாருக்கு மனம் வரும்? கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி தொடங்கியது 1873இல். இரண்டு பள்ளிக்கும் இடையில் கழிந்தவை 59 ஆண்டுகள், ஏறக்குறைய இரண்டு தலைமுறை. கொழும்பு தன் உயரத்தை எட்டிய அதே இரண்டு தலைமுறை.

இரண்டாவது காரணம் உத்தியோகம். படித்து முடித்தவனுக்கு மட்டக்களப்புக் கச்சேரியில் எத்தனை கதிரைகள் இருக்கும்? இருந்த சில இடங்களுக்கும் போட்டி கடுமையானது. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினரியும் அதைத் தொடர்ந்த பள்ளிகளும் யாழ்ப்பாண இளைஞர்களை ஆங்கில எழுத்தர்களாக ஆக்கித் தீவெங்கும் அனுப்பின. உள்ளூர்த் தமிழரும் படித்து முன்னேறினார்கள்.

மூன்றாவது காரணம் தூரம். கொழும்பில் கோப்பித் தோட்டங்களின் பணமும் துறைமுகமும் 1867இல் கண்டியை எட்டிய புகையிரதமும் புதுப்புது உத்தியோகங்களை உண்டாக்கின. மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928இல். கண்டிக்குப் போய் 61 ஆண்டுகள் கழித்து.

நான்காவது காரணம் பட்டறையே. கையில் தொழில் இருந்த வீட்டில், வளர்ந்த பையன் ஒரு கூலி. அவனைப் பள்ளியில் வைத்திருப்பது வீட்டு அடுப்புக்கு நட்டம். வறுமை அவர்களைப் பட்டறைக்குள் தள்ளியது. பட்டறை அவர்களைப் பட்டினியிலிருந்து காத்தது. காத்த அதே கைதான் பள்ளியின் கதவையும் சாத்தியது.

ஒரே இருக்கை

சட்டம் மட்டும் இரு பகுதியினரையும் பிரிக்கவில்லை என்பதுதான் இந்தக் கதையின் வேதனையான திருப்பம்.

1830ஆம் ஆண்டளவில் கோல்புறூக் ஆணைக்குழு இலங்கையின் நிருவாகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது. பறங்கியர் என்போர் யார் என்ற கேள்விக்குப் பிரதம நீதியரசர் சேர் றிச்சர்ட் ஓட்லி விளக்கம் கொடுத்தார். தந்தைவழி மூதாதை ஒல்லாந்தரோ போர்த்துக்கேயரோ வேறு ஐரோப்பியரோ எவராயினும், எத்தனை தலைமுறை இத்தீவில் கழிந்திருப்பினும், முறையான திருமணத்தில் பிறந்தவர் பறங்கியரே. தாய் யார் என்பது பொருட்டில்லை.

அந்த வரையறையின்படி கொழும்பின் அப்புக்காத்தும் மட்டக்களப்பின் தகரவேலைக்காரரும் ஒரே இனம். 1833இல் சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டபோது பறங்கியர் அனைவருக்கும் சேர்த்து ஒரு நியமன இருக்கை ஒதுக்கப்பட்டது.

அதில் யார் அமர்ந்தார்கள்? ஹில்லபிரான்ட், மோர்கன், லொரன்ஸ். மூவரும் கொழும்பின் சட்ட உலகைச் சேர்ந்தவர்கள். லொரன்ஸ் பெருமனம் கொண்டவர். 1859இல் நண்பர்களோடு சேர்ந்து 'எக்ஸாமினர்' பத்திரிகையை வாங்கி, இலங்கையர் அனைவரின் குரலாக அதை நடத்தினார். ஆனால் வாவிக்கரைப் பட்டறையின் குறை எதுவென்று அந்தச் சபையில் எழுந்து சொல்ல அங்கிருந்து ஒருவரும் போகவில்லை. ஓய்வூதியத்தைப் பற்றிப் பேச ஆள் இருந்தது. கூலியைப் பற்றிப் பேச இல்லை.

நலவாழ்வைப் பணத்தால் மட்டும் அளந்தால் கதை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் மட்டக்களப்பு வேறொன்றைக் காத்தது. கொழும்பு வீடுகளில் ஆங்கிலம் உயர உயரப் போர்த்துக்கேயம் வெட்கத்துக்குரிய வேலைக்காரர் மொழியாகத் தாழ்ந்து மறைந்தது. வாவிக்கரையில் அது தாயின் மொழியாகவே நின்றது. கலியாண வீடுகளில் பிடில் இசைக்க, சோடிசோடியாகக் கபிரிஞ்ஞா ஆடினார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹியூ நெவில் என்ற ஆங்கில அதிகாரி திரட்டிய ஏடுகளில் இலங்கைப் போர்த்துக்கேயப் பாடல்களும் உண்டு. அவை இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. 1970களில் மொழியியலாளர் இயன் ஸ்மித் இந்த மொழியின் உயிருள்ள பேச்சைத் தேடி வந்ததும் மட்டக்களப்புக்குத்தான்.

பேனை பிடித்தவர்கள் பதவி பெற்று மொழியை இழந்தார்கள். உளி பிடித்தவர்கள் மொழியைக் காத்துப் பதவியை இழந்தார்கள்.

1908 ஜனவரி

நூற்றாண்டு திரும்பியபோது கொழும்புப் பறங்கியரைப் புதிய அச்சம் பற்றியது. சிங்களவரும் தமிழரும் ஆங்கிலம் படித்து, பறங்கியர் கையில் இருந்த உத்தியோகங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். நூறாண்டு முதலிடம் கரைந்துகொண்டிருந்தது.

அப்போது அவர்கள் வம்சத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

1908 ஜனவரியில் கொழும்பில் 'ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம்' பிறந்தது. முன்னின்றவர் அரச ஆவணக் காப்பாளர் ஆர். ஜி. அந்தோனிஸ். பழைய டச்சு ஏடுகளை எழுத்தெழுத்தாக அறிந்த அறிஞர். சங்கத்தில் சேர, ஒல்லாந்தக் கம்பனி ஆட்சிக் காலத்தில் இங்கே இருந்த ஓர் ஐரோப்பியரிடமிருந்து நேர்த் தந்தைவழியில் வந்தவர் என்று காட்ட வேண்டும். சங்கத்தின் சஞ்சிகை குடும்பங்களின் வம்சாவளி அட்டவணைகளை ஒன்றன்பின் ஒன்றாக அச்சிட்டது.

ஓட்லி 1830இல் ஒரே பெயருக்குள் வைத்தவர்களை 1908 இரண்டாகப் பிரித்தது. பெயருக்கு முன் 'ஒல்லாந்த' என்ற அடைமொழி வந்ததும், மற்றவர்கள் தாமாகவே வெளியே நின்றார்கள். கைத்தொழில் பறங்கியரை மேல்தட்டினர் 'மெக்கானிக்' என்று இளக்காரமாகக் குறிப்பிட்டார்கள். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே 1982இல் இரு சமூகங்களையும் ஒப்பிட்டு எழுதிய ஆய்வுக் கட்டுரை, அந்தச் சொல்லைத் தலைப்பிலேயே ஏந்தியது.

அவுட்ஸ்கோன் என்றும் ஓக்கர்ஸ் என்றும் ஒல்லாந்தப் பெயர் தாங்கிய வாவிக்கரைத் தச்சருக்கு இந்த வாசல் திறந்திருந்ததா? தந்தைவழியை நிறுவ ஏடு வேண்டும், ஏட்டைத் தேட ஆங்கிலமும் நேரமும் கொழும்பில் தங்க இடமும் வேண்டும். அவை எவையும் பட்டறையில் இல்லை. மட்டக்களப்பின் கத்தோலிக்கப் பறங்கியர் பின்னர் தமக்கென்று தனிச் சங்கம் கண்டார்கள்.

கொழும்பில் அச்சான அந்த வம்சாவளி அட்டவணைகள் அப்போது பெருமைக்காக மட்டும் வைத்திருந்த தாள்கள். 48 ஆண்டுகள் கழித்து அவற்றுக்கு உயிரின் விலை வந்தது. 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்று சட்டம் வந்தபோது, நூற்றைம்பது ஆண்டுகள் கொழும்புப் பறங்கியரை உயர்த்திய ஆங்கிலப் பேனையின் மதிப்பு ஒரே நாளில் சரிந்தது. வெள்ளையருக்கு மட்டுமே கதவு திறந்திருந்த ஆஸ்திரேலியா, குடியேற வந்தவர்களிடம் ஐரோப்பிய வம்சத்துக்குச் சான்று கேட்டது.

சான்று வைத்திருந்தவர்கள் கப்பலேறத் தயாரானார்கள். புளியந்தீவிலும் டச்பாரிலும் சான்று இல்லாதவர்கள் உளியோடு இருந்தார்கள். போனவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் அடுத்த அரை நூற்றாண்டு எதைக் கொடுத்தது, எதைப் பறித்தது? இலங்கையின் பறங்கியர் என்று சொல்லிக்கொள்ள இறுதியில் எஞ்சியது யார்?

(அடுத்த வாரம் தொடரும்)